ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையில் எத்தனை இலை? ஏற்காட்டில் கத்துக்கிட்ட செடி மொழி

ஒலிப்பதிவிலிருந்து திருத்தித் தொகுத்த எழுத்து வடிவம்

இன்னிக்கு எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிப்போம். வீட்டில் இருந்து கேட்கறீங்கன்னா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை எடுத்துக்கோங்க. பஸ்ஸில் இருந்தா மனசுக்குள்ள எடுத்துக்கோங்க. இப்போ சொல்லுங்க, அதில் எத்தனை இலை இருக்கு?

பதினஞ்சு, இருபதுன்னு எண்ணியிருப்பீங்க. தாவரவியல் சொல்ற பதில்: ஒன்று. கையில் இருக்கிற மொத்த ஈர்க்கும் ஒரே இலை. ரசத்தில் மிதக்கும்போது நாம ஓரமா ஒதுக்கி வைக்கிற ஒவ்வொரு துண்டும் சிற்றிலை. இந்த மாதிரி பல சிற்றிலைகள் சேர்ந்த இலைக்குக் கூட்டிலைன்னு பேரு.

எதை வெச்சு அப்படிச் சொல்றாங்க? இலைக்காம்பு கிளையோட சேர்ற இடத்தில், மேல்பக்கக் கோணத்தில், ஒரு குட்டி மொட்டு இருக்கும். கோணமொட்டு. பின்னாடி கிளையாகவோ பூவாகவோ வளரப்போவது அதுதான். ஈர்க்கு கிளையில் ஒட்டியிருக்கிற இடத்தில் அந்த மொட்டைப் பார்க்கலாம். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் தேடிப் பாருங்க, கிடைக்காது. வேப்பிலையும் இதே கதைதான். முருங்கையில் இன்னும் வேடிக்கை. கீரை உருவும்போது கையில் பிடிக்கிற அந்தப் பெரிய தழை முழுக்க, பிரிஞ்சு பிரிஞ்சு போனாலும், ஒரே இலை.

அதாவது, ஒரு பொருள் இலையா இல்லையான்னு முடிவு பண்றது அதோட தோற்றம் இல்லை, அது உட்கார்ந்திருக்கிற இடம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. இன்னிக்குப் பேசப்போற எல்லாமே இதிலிருந்துதான் வருது. எனக்கு இது கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சது, அதுக்கு நான் ஒரு விலையும் கொடுத்தேன்.

அந்தப் போட்டோ

போன வருஷம் ஒரு வார இறுதியில் ஏற்காடு போயிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. ஏரிக்கரை, படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடிச்சிட்டு, ஒரு காபித் தோட்டத்து ஓரமா நடந்துட்டு இருந்தோம். காபிக்கு நிழல் கொடுக்கிற மரங்களுக்கு நடுவில் ஒரு நடுத்தர உயர மரம். கிளை நுனியில் வெளிறிய நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தா இருந்துச்சு. அழகா இருக்கேன்னு போனை எடுத்து, பூவை மட்டும் குளோஸப்பில், பின்னாடி எல்லாம் மங்கலாத் தெரியற மாதிரி நாலு போட்டோ எடுத்தேன். இன்ஸ்டாவில் நல்ல லைக்ஸ்.

செடி அடையாளம் சொல்ற ஆப்பில் போட்டால் நாலு போட்டோவுக்கு நாலு பேர் சொல்லுச்சு. சரின்னு, காலேஜில் எனக்குத் தாவரவியல் எடுத்த, இப்போ ரிட்டையர் ஆகிட்ட சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் பண்ணார்.

"எங்கேம்மா எடுத்தே?"

"ஏற்காட்டில் சார்."

"மரமா, செடியா?"

"மரம் சார். ரெண்டு ஆள் உயரத்துக்கு மேலேயே இருக்கும்."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேள்வி மேல கேள்வி. இலை மாத்தி மாத்தி வந்துச்சா, எதிரெதிரா வந்துச்சா? ஓரம் பல்லுப் பல்லா இருந்துச்சா? இலையின் அடிப்பக்கத்தில் மயிர் இருந்துச்சா, வழவழன்னு இருந்துச்சா? கிள்ளினால் பால் வந்துச்சா? எல்லாத்துக்கும் என் பதில் ஒண்ணுதான்: "பார்க்கலை சார்."

சார் திட்டலை. பொறுமையா விளக்கினார். நான் பூன்னு நினைச்சது ஒரு பூ இல்லையாம். பல குட்டிப் பூக்கள் ஒரே தலையில் நெருக்கமா உட்கார்ந்திருக்கிற மஞ்சரி. மஞ்சரின்னா பூக்கள் அடுக்கப்பட்டிருக்கிற முறை. இந்த மாதிரித் தலை மஞ்சரி சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பத்தில் செடிகள்தான் அதிகம், மரமா வளர்றது கம்மி. அப்படி வளர்ற ஒரு மரத்துக்கு இந்த மலையின் பெயரையே வெச்சிருக்காங்க: வெர்னோனியா சேர்வராயென்சிஸ். பெயர் வெச்சவர் ஜே.எஸ். கேம்பிள், சென்னை மாகாணத் தாவரங்களுக்கு 1915லிருந்து பகுதி பகுதியா நூல் எழுதினவர். இப்போ அந்த மரத்தை மோனோசிஸ்ங்கிற பேரினத்துக்கு மாத்தியிருக்காங்க. உலகத்திலேயே ரொம்பக் குறைஞ்ச இடத்தில் மட்டும் இருக்கிற மரம். அதே சமயம், அதோட நெருங்கின சொந்தமான இன்னொரு மரம் தென்னிந்திய மலைகளில் பரவலா இருக்கு.

"நீ பார்த்தது அபூர்வமானதா, சாதாரணமானதான்னு பூவை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாதும்மா. இலையைப் பாரு, அடிப்பக்கம் பாரு, எழுதிட்டு வா"ன்னார்.

நான் திரும்பிப் போக ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள சார்கிட்ட வாராவாரம் செடி பார்க்கக் கத்துக்கிட்டேன். மரம் என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன். முதலில், அந்த ரெண்டாவது பயணத்தில் ஏற்காட்டு ரோட்டோரமா நான் பார்த்ததை எல்லாம் உங்களுக்குக் காட்டறேன். இதில் பாதி உங்க அபார்ட்மென்ட்லயே இருக்கு.

காபியும் இட்லிப்பூவும்

1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர்னு சொல்றாங்க. இன்னிக்கு ஏற்காட்டில் எங்கே திரும்பினாலும் காபிதான்.

ஒரு காபிக் கிளையைப் பாருங்க. ஒரு கணுவில் ரெண்டு இலை, நேருக்கு நேர். இதுக்கு எதிரிலை அடுக்கம்னு பேரு. கணுவுக்கு ஒரே இலை, அடுத்த கணுவில் வேற பக்கம் ஒண்ணுன்னு வந்தால் மாற்றிலை அடுக்கம். ஒரே கணுவில் மூணோ அதுக்கு மேலயோ சுத்தி வந்தால் வட்ட இலை அடுக்கம். அரளியில் இப்படி மூணு மூணா வர்றதைப் பார்க்கலாம்.

இப்போ காபியின் ரெண்டு இலைக்காம்புக்கும் நடுவில், தண்டோட ஒட்டி, முக்கோணமா ஒரு குட்டிச் செதில் தெரியும். இலையடிச் செதில்னு சொல்வாங்க. பல செடிகளில் இது காம்பின் ரெண்டு பக்கமும் இருக்கும். காபி குடும்பத்தில் பக்கத்துக் காம்போட செதிலும் இதுவும் சேர்ந்து, ரெண்டு காம்புக்கும் இடையில் வந்து உட்காரும். எதிரிலை, பிரிவில்லாத இலை, காம்புகளுக்கு இடையில் செதில். மூணும் சேர்ந்து இருந்தால் காபி குடும்பம்னு பெரும்பாலும் தைரியமாச் சொல்லலாம், பூவே பார்க்க வேண்டாம்.

நம்பலைன்னா உங்க அபார்ட்மென்ட் கேட் ஓரத்தில் இருக்கிற இட்லிப்பூச் செடியைப் பாருங்க. அதே எதிரிலை, அதே செதில். இட்லிப்பூவும் காபியும் ஒரே குடும்பம். காலி மனையில் வளர்ற மஞ்சணத்தி மரமும்தான்.

ஆரஞ்சும் கறிவேப்பிலையும்

ஏற்காட்டு ஆரஞ்சு மரத்தின் இலையை எடுத்தால், இலைக்கும் காம்புக்கும் நடுவில் முழங்கால் மூட்டு மாதிரி ஒரு இணைப்பு இருக்கும். அதுக்குக் கீழே காம்பின் ரெண்டு பக்கமும் மெல்லிசா ரெக்கை. ஆரஞ்சில் ஒல்லியா, பம்பளிமாஸில் நல்லா அகலமா இருக்கும்.

அந்த மூட்டு அங்கே எதுக்கு? பல சிற்றிலை இருந்த கூட்டிலையில், மத்ததெல்லாம் போய், நுனிச் சிற்றிலை ஒண்ணே ஒண்ணு மிஞ்சின நிலைன்னு தாவரவியலாளர்கள் அதை விளக்கறாங்க. அதனால் பார்க்கத் தனி இலை மாதிரி இருந்தாலும் ஆரஞ்சு இலைக்கு ஒற்றைச் சிற்றிலைக் கூட்டிலைன்னுதான் பேர்.

இப்போ அந்த இலையை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. ஊசியால் குத்தின மாதிரி ஒளி ஊடுருவுற புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வர்ற வாசனை அதிலிருந்துதான். கறிவேப்பிலையையும் இப்படிப் பிடிச்சுப் பாருங்க, அதே புள்ளிகள். ரெண்டும் ஒரே குடும்பம். நாம ஆரம்பத்தில் எடுத்த ஈர்க்குக்கு ஏற்காட்டில் ஒரு சொந்தக்காரர் இருக்கார்!

முள்ளிலேயும் மூணு வகை

நமக்குக் குத்தினால் எல்லாமே முள். தாவரவியலில் அது எங்கிருந்து முளைச்சதுங்கிறதைப் பொறுத்து மாறும். ஆரஞ்சு, எலுமிச்சை முள் இலைக்கோணத்திலிருந்து வருது. அதாவது கிளை வரவேண்டிய இடத்தில் முள் வந்திருக்கு. உரு மாறின கிளை அது. காகிதப்பூ முள்ளும் அப்படித்தான். கள்ளிச்செடிகளில் சப்பாத்திக்கள்ளியின் முள் உரு மாறின இலை. ரோஜா முள் கிளையும் இல்லை, இலையும் இல்லை, மேல்தோலின் வளர்ச்சி. அதனால்தான் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் சட்டுன்னு உடைஞ்சு வந்துடுது. எலுமிச்சை முள்ளை அப்படித் தள்ள முடியாது.

ஏற்காட்டுச் சாலையோரத்தில் புதர் புதரா இருக்கிற உண்ணிச்செடியைத் தொட்டுப் பாருங்க. தண்டு உருண்டையா இருக்காது, நாலு பட்டையா இருக்கும். எதிரிலை. இலை மணல்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். தண்டில் சின்ன கொக்கி முள், தோல் முள்தான். கண்ணை மூடிட்டுக்கூட இந்தச் செடியை அடையாளம் சொல்லிடலாம்.

வடிவம்: அகலம் எங்கே இருக்கு?

முட்டை வடிவம், நீள்வட்டம், ஈட்டி வடிவம்னு இலைக்கு நிறைய பேர் உண்டு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். இலையின் அகலமான இடம் எங்கேன்னு மட்டும் பாருங்க. காம்புக்குப் பக்கத்தில் அகலம்னா முட்டை வடிவம். நடுவில்னா நீள்வட்டம், காபி மாதிரி. நுனிப் பக்கத்தில்னா தலைகீழ் முட்டை, பாதாம் மரத்து இலை மாதிரி. ஒல்லியா நீண்டு நுனி நோக்கிக் கூராகிப் போனால் ஈட்டி.

அடுத்து நரம்பு. நிழல் மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக்கொடியைப் பாருங்க. மாற்றிலை. அடிப்பக்கத்திலிருந்தே சில பெரிய நரம்புகள் வில் மாதிரி வளைஞ்சு நுனிக்குப் போகும். வெற்றிலையிலும் அதே ஓட்டம்தான், ரெண்டும் ஒரே குடும்பம். மிளகுச் சரம் இலைக்கோணத்தில் வராமல், இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் தொங்கும். பாருங்க, மறுபடியும் இடம்தான் பேசுது.

அந்த மிளகு ஏறியிருக்கிற மரம் பல இடத்தில் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெரணி மாதிரி ஆழமா வெட்டுப்பட்ட இலை. திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். நெருக்கமான பட்டு மயிர்கள்தான் காரணம். இலையோட மேல்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தால் இது தெரியவே தெரியாது.

ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் ஆர்க்கிட் தோட்டம் 1963லிருந்து இருக்கு. அங்கே மேகாலயாவைச் சேர்ந்த குடுவைத் தாவரமும் வளர்க்கறாங்க. பூச்சி பிடிக்கிற அந்தக் குடுவையைப் பூன்னுதான் பலரும் நினைப்பாங்க. அது இலை. தட்டையா, இலை மாதிரியே தெரியற பகுதி இலையின் அடிப்பாகம். நடுவில் இருக்கிற கொடி, நடு நரம்பின் நீட்சி. குடுவைதான் இலைத்தாள். கண்ணுக்கு இலையாத் தெரியறது ஒண்ணு, உண்மையான இலைத்தாள் வேற ஒண்ணு.

நமக்கு வார்த்தை இல்லையா என்ன?

இவ்வளவு கலைச்சொல் எதுக்கு, தமிழில் ஏற்கெனவே சொல் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு, குவிஞ்சு கிடக்கு. பத்தாம் வகுப்பில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' பாடம் படிச்சவங்களுக்கு ஞாபகம் வரும்: தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள். பிஞ்சிலேயே மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல். பாவாணர் 1944லிருந்து 1956 வரைக்கும் இந்த மலையடிவாரத்துச் சேலம் கல்லூரியில்தான் தமிழ்ப் பேராசிரியரா இருந்தார். அதுக்கும் ரொம்ப முன்னாடி, தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல்லுன்னும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம்னும் பிரிச்சது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்னிக்குத் தாவரவியலும் அதுங்களைப் புல்லோட சேர்த்து ஒருவிதையிலைத் தாவரங்கள்னுதான் வைக்குது.

அப்போ என்ன குறை? குறை இல்லை, வேலைதான் வேற. கச்சல்னு சொன்னாலே அது வாழைன்னு தெரிஞ்சிடும். செடியின் பெயர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. ஆனால் எனக்குப் பெயரே தெரியாத ஒரு மரத்தை உங்ககிட்ட விவரிக்கணும்னா, எந்தச் செடிக்கும் சொந்தமில்லாத சொல் வேணும். மாற்றிலை, கூட்டிலை, இலையடிச் செதில் எல்லாம் அப்படிப்பட்ட பொதுச் சொற்கள்.

இந்தப் பொது மொழியை ஒழுங்குபடுத்தினதில் பெரிய பங்கு லின்னேயஸின் 1751 நூலுக்கு உண்டு. புதுத் தாவரத்தை அறிவிக்க லத்தீனில் விவரிச்சே ஆகணும்ங்கிற விதி 2011 முடியற வரைக்கும் இருந்துச்சு. 2012லிருந்து ஆங்கிலமும் போதும். எந்த மொழியா இருந்தாலும் நோக்கம் ஒண்ணுதான்: அந்தச் செடியைப் பார்க்காத ஒருத்தர், வார்த்தையை மட்டும் வெச்சு அதைக் கண்டுபிடிக்கணும்.

உலர்தாவரத் தொகுப்பு, அதாவது ஹெர்பேரியத்திலும் இதே கதைதான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கு. தமிழ்நாட்டின் சமவெளியிலும் சேர்வராயன் மாதிரியான மலைகளிலும் அலைஞ்சு பாதிரியார் கே.எம். மேத்யூ சேர்த்த மாதிரிகள் அங்கே உண்டு. செடியை அழுத்திக் காய வெச்சால் பூ நிறம் போயிடும், வாசனை போயிடும், பால் காய்ஞ்சிடும், மரம் எவ்வளவு உயரம்னு தெரியாது. அதனால் ஒவ்வொரு தாளிலும் ஒரு சீட்டு ஒட்டி அதையெல்லாம் எழுதி வைப்பாங்க. அந்தச் சீட்டு இல்லைன்னா அது வெறும் சருகு. என் நாலு போட்டோவும் சீட்டில்லாத சருகுதான்.

அந்த மரம்

ரெண்டு மாசம் கழிச்சு, நோட்டும் பேனாவுமா அதே தோட்டத்து ஓரத்துக்குப் போனேன். மரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் இருந்துச்சு. பக்கத்தில் வரிசையா சில்வர் ஓக் கன்று.

தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு பெரியவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதா கண்ணு? நிழலு சாஸ்தியாப் போச்சுன்னு எடுத்துட்டாங்க"ன்னார். எனக்கு என்ன தோணுச்சோ, சார் கேட்ட கேள்வியை எல்லாம் அவர்கிட்ட கேட்டேன். இலை எப்படிங்கய்யா வரும்? "மாத்தி மாத்தி வரும்." பால்? "பாலெல்லாம் இல்ல." இலை அடிப்பக்கம்? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்ச்சுக் காட்டினார். "கொஞ்சம் சுணையா இருக்குமே, துணி கணக்கா."

சுணை. நெல் அறுப்பில் உடம்பெல்லாம் அரிக்குமே, அந்தச் சின்ன மயிருக்கு நம்ம ஊர்ச் சொல். ரெண்டு மாசமா நான் தேடின பதிலை அவர் விரல் ஞாபகம் வெச்சிருந்துச்சு. எழுதிட்டு வந்து சார்கிட்ட காட்டினேன். "குடும்பம், பேரினம் வரைக்கும் நல்லாவே வந்துட்டோம். அதுக்கு மேல இலையோ பூவோ கையில் வேணும்மா"ன்னார். அது அபூர்வ மரமா, பரவலான மரமான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. முதல் நாளே ஒரு இலையைத் திருப்பிப் பார்த்து ரெண்டு வரி எழுதியிருந்தா, யாராவது ஒருத்தர் தோட்டக்காரங்ககிட்ட பேசியிருக்கலாம். பேசியும் பலன் இல்லாமப் போயிருக்கலாம். அந்த வாய்ப்புகூட இல்லாமப் போச்சேங்கிறதுதான் எனக்கு உறுத்துது.

அதனால் அடுத்த தடவை பெயர் தெரியாத ஒரு செடியைப் போட்டோ எடுத்தால், கூடவே அஞ்சு விஷயம் நோட் பண்ணுங்க:

1. கணுவுக்கு எத்தனை இலை? மாத்தி மாத்தியா, எதிரெதிரா, சுத்தியா?
2. தனி இலையா, கூட்டிலையா? கோணமொட்டு எங்கே இருக்கு?
3. இலையடிச் செதிலோ அதன் தழும்போ இருக்கா? எங்கே?
4. அகலம் எந்த இடத்தில், ஓரம் எப்படி, அடிப்பக்கம் தொட்டால் எப்படி?
5. கீழே விழுந்த பச்சை இலையைக் கசக்கினால் வாசனை வருதா, காம்பில் பால் இருக்கா? கசக்கினதும் கையைக் கழுவிடுங்க. பால் வந்தா கண்ணில் படாமப் பார்த்துக்கோங்க.

போட்டோவும் எடுங்க, வேண்டாம்னு சொல்லலை. பூ ஒண்ணு, இலையின் ரெண்டு பக்கமும், கணு ஒண்ணு, முழு மரம் ஒண்ணு. கிளையை ஒடிக்காதீங்க.

இன்னிக்கு ராத்திரி தாளிக்கும்போது கறிவேப்பிலையை உருவறதுக்கு முன்னாடி அந்தக் கோணமொட்டை ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சதா, இல்லையான்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.